ஊர் ஊராய்த் தீபாவளி

— செருப்பைக் கழட்டாதே, சிவஞானம். நீ ரொம்ப நேரம் இருக்கப் போறதில்லை.

— மூணு நாள் ரயில்ல வந்திருக்கேன். உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டீயளா அண்ணே?

— பதிமூணு வருஷம் கழிச்சு வந்து நிக்கிறவனுக்கு மாலையா போடுவாங்க? சரோஜினி நகர்ல இத்தனை க்வார்ட்டர்ஸ் இருக்கு. என் வீடு எதுன்னு எவன் சொன்னான் உனக்கு?

— கோல் மார்க்கெட் பட்டாபி சொன்னாரு. போன மாசம் திருநெல்வேலிக்கு வந்திருந்தாரு. ‘உங்க அண்ணன் ஜோதிலிங்கம் குடுத்து வச்சவருய்யா, ரயில்வே பாஸ் இருக்கு, வருசா வருசம் தீபாவளிக்கு ஒரு ஊரு பாத்துட்டு வாராரு’ன்னு பெருமையாச் சொன்னாரு. எனக்குத்தான் நாக்கைப் புடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு.

— புடுங்கியிருக்கலாமே. இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

— ஏங்க, உதய்பூர் வண்டி ஏழரைக்கு. படுக்கையெல்லாம் ஹோல்டால்ல வச்சு இன்னும் கட்டலை. தம்பி இன்னொரு நாளைக்கு வரட்டுமே.

— மதினி, சொகமா இருக்கீயளா?

— இருக்கேன். அந்த நாற்காலில உட்காராதீங்க தம்பி, துணி இருக்கு.

— பார்த்தியா சிவஞானம்? தபால்காரன் வந்தாக்கூட உட்கார வச்சுத் தண்ணி கொடுக்கிறவ இவ. உன் மூஞ்சியைப் பார்த்ததும் அவளுக்கே பத்திக்கிட்டு வருது. லீலா, இவனுக்கு ஒரு தம்ளர் தண்ணி கொடுத்து அனுப்பு.

— தண்ணிக்கா வந்தேன்? என்னத்தைச் சொல்ல! அம்மை செத்த நாள்ல புருசனும் பொஞ்சாதியும் பொட்டி கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கக் கெளம்புதீயளே, அதைக் கேக்க வந்தேன்.

— கேள்வி கேட்கிற யோக்கியதை உனக்கு இருக்கா?

— காசி போனீய. கல்கத்தா போனீய. அமிர்தசரஸ், ஜெய்ப்பூரு, இன்னும் என்னென்னமோ பேரு சொன்னாரு பட்டாபி, எனக்கு வாயில நுழையலை. பதினோரு தீபாவளிக்குப் பதினோரு ஊரு. சொந்த ஊரு மட்டும் கண்ணுக்குத் தெரியலை.

— அச்சா. அங்க வந்து என்ன பண்ணச் சொல்றே? அம்மா செத்தது தீபாவளியன்னைக்கு. நம்ம பங்காளி வீட்டுக்கெல்லாம் அன்னைக்கோட பண்டிகை போச்சு. அதே நாள்ல வம்சத்துல ஒரு பிள்ளை பிறந்தாத்தான் திரும்ப எடுக்கலாம்னு பெரியவங்க சொன்னப்போ நீயும்தானே பக்கத்துல நின்னே?

— நின்னேன். இப்பவும் நிக்கேன்.

— அடுத்த வருஷம் இதே வீட்டுலதான் இருந்தோம். விடியக்காலை நாலு மணிக்கு மேல் வீட்டுல சரவெடி. கல்யாணராமன் சார் தலையில எண்ணெயோட வந்து கதவைத் தட்டுறார், ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ன்னு. எங்களுக்குப் பண்டிகை இல்லை சார்னேன். அரை மணியில அக்கம்பக்கத்துல இருந்து பலகாரத் தட்டு வர ஆரம்பிச்சது. ஏழு தட்டு. பேப்பர் போட்டு மூடின ஏழு தட்டு. கொண்டுவந்தவங்க மூஞ்சியில எல்லாம் ஒரே பரிதாபம். சாயங்காலம் காலனி பூரா மெழுகுவர்த்தி எரியுது, என் வீட்டு ஜன்னல் மட்டும் இருட்டு. அன்னைக்கே முடிவு பண்ணேன். தெரியாத ஊர்ல போய்க் கூட்டத்துல நின்னுட்டா எவனும் என்கிட்ட எதுவும் கேட்கமாட்டான். வேடிக்கை பார்க்கப் போறேனாம்! உனக்குத் தெரியுமாடா அது என்ன வேடிக்கைன்னு?

— அப்படி என்னதான் கண்டீய, நீங்க சொல்லுங்க மதினி. காசியில அன்னபூரணியைத் தங்கமா வச்சிருப்பாவளாமே, லட்டுலயே தேர் கட்டுவாவளாமே?

— கூட்டம் ஜாஸ்தி தம்பி. சரியா பார்க்கலை. மொகல்சராய் ஸ்டேஷன்ல இவர் இறங்கிப் போய் மண் குவளையில டீ வாங்கிட்டு வந்தார். சூடு ஆறாம இருக்கணும்னு கைக்குட்டையில பொத்திக்கிட்டு வந்தார்.

— நான் அன்னபூரணியைக் கேட்டா நீங்க டீயைச் சொல்லுதீய.

— எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு. ஏங்க, மணி அஞ்சாகப் போகுது.

— கட்டு, கட்டு. சிவஞானம், கேட்டாச்சில்ல? கிளம்பு.

— என்ன மதினி, ஏதோ ரெண்டு வார்த்தை பேசுனீய, மறுபடி வாயை மூடிக்கிட்டீய?

— இந்த வீட்டுல பேச்சு வழக்கம் இல்லை தம்பி.

— பஸ் கரோ, போதும்! வீட்டுக் கதையெல்லாம் இவன்கிட்ட எதுக்கு? ஏலே, உன்னைக் கிளம்புன்னு சொன்னேன்.

— இப்பத்தான் ஏலேன்னு ஊர்ப் பேச்சு வருது வாயில.

— வரும்டா, வயிறு எரியுதுல்ல? நாலு நாள் காய்ச்சல்ல கிடந்தா அம்மா. நாலு நாள்! ஒரு தந்தி அடிச்சிருந்தா ஓடி வந்திருக்கமாட்டேன்? பண்டிகைக்குன்னு நான் பாட்டுக்கு ரயில்ல உட்கார்ந்து வரேன். பையில அம்மாவுக்குச் சாந்தினி சௌக்ல வாங்கின நூல் புடவை. வண்டி லேட்டாகி சாயங்காலம் வீட்டு வாசல்ல இறங்கினா உன் தலை மொட்டை. அந்தப் புடவையை நான் யாருக்குக் கொடுக்க? சொல்லு!

— அம்மைதான் தந்தி வேண்டாம்னா. ‘தீபாவளிக்கு எப்படியும் வாரான், பயங்காட்டாதல’ன்னா. நான் சின்னவன். அம்மை பேச்சைக் கேட்டேன். அது குத்தமா?

— குத்தம்தான். சாகிற வரைக்கும் அது குத்தம்தான்.

— சரி, குத்தவாளியாவே இருந்துட்டுப் போறேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட ‘இனி எனக்குக் கடுதாசி போடாத’ன்னுட்டு வந்தீய. மனசு கேக்காம மூணு கடுதாசி போட்டேன். மூணையும் வாங்காமத் திருப்பி விட்டீய.

— விட்டேன். வேண்டாம்னு என் கையாலயே எழுதித் திருப்பி விட்டேன். நல்லா கேட்டுக்கோ.

— நாலாவதை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டீயளே, அது ஏன்?

— நாலாவதா? எது நாலாவது?

— ஏங்க, ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர் ரிக்‌ஷா பிடிக்க வேண்டாமா? தீபாவளி நேரம், ரோடெல்லாம் கூட்டமா இருக்கும். தம்பி, நீங்க நாளைக்கு... நாங்க ஊருக்குப் போயிட்டு வந்ததும் வாங்களேன். இப்ப போங்க.

— இரு லீலா. எந்தக் கடுதாசிடா?

— நடிக்காதீய அண்ணே. எழுபத்தாறுல போட்டது. எம் மவ பொறந்ததுக்கு எழுதினது.

— உனக்குப் பிள்ளை பிறந்ததே எனக்குத் தெரியாது. பிறந்தா சந்தோஷம். அதுக்கு நான் என்ன பண்ணணும்?

— நீங்க என்ன பண்ணணுமா? அவ என்னைக்குப் பொறந்தான்னு கடுதாசியில எழுதியிருந்தேன்லா! ஐப்பசி மாசம், தீபாவளியன்னைக்கு விடியக்காலம், தெருவுல மொத வெடி வெடிக்கையில அவ அழுகைச் சத்தம் கேட்டுச்சு. மருத்துவச்சி வெளிய வந்து, ‘உங்க வீட்டுப் பண்டிகை திரும்பி வந்திருச்சு சாமி’ன்னா.

— என்ன சொன்னே? தீபாவளியன்னைக்கா?

— தீபாவளியன்னைக்கு. நாளை மறுநாள் அவளுக்கு ஏழு வயசு முடியுது.

— அப்போ... ஏழு வருஷமா நமக்குப் பண்டிகை உண்டா?

— உண்டாவா? பெரியவுக என்ன சொன்னாவ? நின்ன பண்டிகையை மூத்தவன்தான் எடுக்கணும், மூத்தவன் கையால அந்தப் பிள்ளை தலையில ஒரு சொட்டு எண்ணெய் வைக்கணும், அதுக்கு அப்புறம்தான் பங்காளிக வீட்டுல அடுப்புல சட்டி ஏறும்னு சொல்லலையா? அதைத்தான் எழுதினேன். ‘நம்ம சண்டை நம்மளோட கிடக்கட்டும், பிள்ளைக்கு எண்ணெய் வச்சுட்டுப் போங்க’ன்னு எழுதினேன். நீங்க வரலை.

— எனக்கு வந்து சேரலைடா!

— பொய்! ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பினேன். வாங்கினதுக்குக் கையெழுத்துப் போட்ட கார்டு எனக்குத் திரும்பி வந்துச்சு. ஏழு வருசமாச் சட்டைப் பையில வச்சிருக்கேன். என்னைக்காவது உங்க மூஞ்சியில எறியணும்னு. இந்தா.

— காட்டு.

— மதினிதான் கையெழுத்துப் போட்டிருக்காவ. நீங்க வாங்கச் சொல்லாமலா வாங்குவாவ? படிச்சுட்டுக் கல்லு மாதிரி ஒக்காந்துட்டாருன்னு நெனச்சேன். எனக்கும் ரோசம் வந்துச்சு. அதுக்கு மேல எழுதலை.

— லீலா.

— ம்.

— இது உன் கையெழுத்து.

— ஆமா.

— கடுதாசி எங்கே?

— அரிசி டின்ல. அடியில.

— ஏழு வருஷமாவா?

— அரிசி தீர்றப்பல்லாம் கண்ணுல படும். புது அரிசியை மேல கொட்டிடுவேன்.

— படிச்சியா?

— படிச்சேன். அன்னைக்கு மத்தியானம் நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க. ரெண்டு தடவை படிச்சேன்.

— படிச்சுட்டு, அந்த வருஷத்துக்கு அப்புறமும் என்கூட ரயில்ல வந்தியா? ஹரித்வார்ல, கல்கத்தால, கண்ட ஊர்லயும் என் பக்கத்துல நின்னு அடுத்தவன் வீட்டு விளக்கைப் பார்த்துக்கிட்டு இருந்தியா? ‘நமக்கு இதெல்லாம் கொடுத்து வைக்கலை’ன்னு நான் சொன்னப்போ தலையை வேற ஆட்டினியே!

— ஆட்டினேன்.

— மதினி, நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. ஆறு தீபாவளி போயிருச்சு. தெருவுல அத்தனை பிள்ளைகளும் மத்தாப்பு கொளுத்தும். எம் மவ வாசப்படியில ஒக்காந்து ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுப் பாப்பா. ‘நான் பொறந்ததுனாலதானே தீபாவளி வந்துச்சுன்னு சொல்லுதீய, எனக்கு மட்டும் ஏன் இல்லை?’ன்னு கேப்பா. பெரியப்பா வரணும் தாயின்னு சொல்லிச் சொல்லி எங்க வாயே வத்திப் போச்சு. இந்த வருசம் அவளேதான் சொன்னா, ‘அவுக வரலைன்னா நாம போவோம்’னு. அந்தப் பச்சை மண்ணுக்கு இருக்கிற புத்தி எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

— அங்க நீங்க எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன் தம்பி. ஒரு வருஷம் பார்ப்பீங்க, அப்புறம் நீங்களே எண்ணெய் வச்சுப்பீங்கன்னு நினைச்சேன். பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்னு சத்தியமா நினைக்கலை.

— அண்ணன் இருக்கையில நான் எப்படி வைப்பேன்? எங்களை என்ன முறை கெட்டவுகன்னு நெனச்சீயளா?

— பிள்ளை எங்கேடா?

— சாணக்யபுரியில. நம்ம கவர்மெண்டு விடுதியில ஒரு ரூம் கிடைச்சுது. அவ அம்மைகூட இருக்கா. உங்க வாய் எப்படி இருக்குமோன்னு பயந்து இங்க கூட்டிட்டு வரலை.

— பேர் என்ன?

— வேற என்ன பேரு வைப்பேன்? தாயம்மாள்.

— அம்மா பேரா?

— அம்மை பேருதான். வீட்டுல பேரைச் சொல்லிக் கூப்பிட மனசு வராம தாயி தாயிங்கோம்.

— லீலா, ஹோல்டாலை அவிழ். உதய்பூரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

— அவிழ்க்கிறேன்.

— அந்த இரும்புப் பெட்டியில அடியில ஒரு நூல் புடவை இருக்கு. எடுத்து வெளிய வை. அதுல பிள்ளைக்குப் பாவாடை தைக்க ஒரே நாள்தான் இருக்கு, மார்க்கெட்ல தையல்காரன் எவனாவது கிடைப்பான். சிவஞானம், நீ போய் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. ஜல்தி. உன்மேல இருக்கிற கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதே. அது இருக்கு.

— எனக்கும்தான் இருக்கு. பிள்ளைக்கு எண்ணெய் வைங்க, மத்ததை அப்புறம் வச்சுக்கிடுவோம்.

— போறதுக்கு முன்னாடி இவ சொல்றதைக் கேட்டுட்டுப் போ. நீயே சாட்சி. லீலா, அந்த ஏழு தட்டையும் வாங்கி வாங்கி உள்ள வச்சவ நீ. அன்னைக்கு நான் கூனிப் போய் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால பார்த்தவ நீ. பண்டிகை திரும்பி வாசல் வரைக்கும் வந்திருக்கு, கையெழுத்துப் போட்டு வாங்கி அரிசிக்கு அடியில புதைச்சிருக்கே. ஏன்? இவன் உனக்கு என்ன கெடுதல் பண்ணினான்?

— தம்பி ஒண்ணும் பண்ணலை. நீங்கதான். வருஷம் பூரா இந்த வீட்டுல உங்க வாயில இருந்து ‘சோறு போடு’, ‘விளக்கை அணை’, இந்த ரெண்டு பேச்சுதான் எனக்கு. தீபாவளிக்கு ரயில் ஏறினாத்தான் ‘லீலா, குளிருதா?’ன்னு கேட்பீங்க. அம்மா நினைப்பு தாங்காமத்தான் பேசுறீங்கன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் அந்த நாலு நாள் பேசுவீங்க. பண்டிகை திரும்பி வந்துட்டா அதுவும் நின்னு போயிடுமேன்னு பயந்துட்டேன்.