மண்ணுல விட்டுப் பாக்கல

இல்லம்மா, மரபணு டெஸ்ட்னா என்னன்னு படம் போட்டெல்லாம் விளக்க வேணாம். பாரத்தக் குடுங்க. அதுல போட்டிருக்கற இந்தப் புரதத்தோட இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவன் நான். வீட்டுல இருந்தத விட இதோட இருந்ததுதான் அதிகம்.

டாக்டரா? சேச்சே, அமீபாக்காரன். ஈர மண்ணுல கெடக்குமே, ஒத்த செல்லு, அது. அது நகரணும்னா உள்ள ஆக்டின்னு நூல் நூலா ஒண்ணு வேணும். நூல் இருந்தா போதுமா, இழுத்துக் கட்ட ஆள் வேணாமா? அந்த வேலைக்குன்னு இருக்கறவங்கள்ல ஒருத்தன்தான் நம்மாளு, இந்தப் புரதம். இதயம்னு ஒண்ணு உலகத்துல வர்றதுக்கு எத்தனையோ கோடி வருஷம் முன்னாடியே வேலைக்குச் சேந்துட்டான். பின்னால ஒருத்தன் மூணு பேரானான். அதுல ஒருத்தன் தசைக்குக் குடி வந்தான், இதயத் தசைக்கும்தான். ஆமா, உங்க பாரத்துல இருக்கானே, அவனேதான்.

நான் என்ன பண்ணேன், அமீபாவுல இவன உண்டாக்கற மரபணுவ எடுத்துட்டேன். செத்துப் போகும்னு பாத்தா, அது பாட்டுக்கு ஊருது, திங்குது, ரெண்டாகுது. ஆபீஸ்ல ஒருத்தர் லீவு போட்டா பக்கத்து சீட்டுக்காரர் பாத்துக்கறார்ல, அப்படி. இவன் இல்லாட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு கட்டுரை எழுதி மாநாட்டுல வாசிச்சேன். கை தட்டினாங்க.

ஒரு அம்மா மட்டும் எந்திரிச்சு, லேப் தட்டுல வச்சு வேளாவேளைக்கு ஊட்டினா எதுதான் பொழைக்காது, மண்ணுல விட்டுப் பாத்தீங்களான்னு கேட்டாங்க. பாக்கறேன்னேன். பாக்கல. அப்புறம் அவங்களே பாத்தாங்க. மண்ணுல, குளிர்ல, பாதிக்கு மேல காணாமப் போச்சு.

தண்ணியா? வேணாம்மா, நல்லாத்தான் இருக்கேன். சாப்பிடறேன், தூங்கறேன். போன வாரம் பல்லுகூட சுத்தம் பண்ணிக்கிட்டேன்.

ரத்தம் எடுக்க வேண்டியது சின்னவளுக்கு. வெளிய அவங்கம்மா தோள்ல சாஞ்சிருக்காளே, அவதான். ஒம்போது வயசு. எனக்கும் அவங்களுக்கும் நடுவுல நாலு நாற்காலி காலியா கெடக்குதா, அது அப்படித்தான், விடுங்க.

ரெண்டு பேர் கையெழுத்தும் வேணுமா? அவங்கம்மாவும் போடுவா. ரிசல்ட்ட மட்டும் அவ கையில குடுத்துருங்க, எங்கிட்ட வேணாம். பெரியவ ஒரு தடவ மயங்கி விழுந்தப்ப எங்கிட்டதான் குடுத்தாங்க. இவன்கிட்டதான் கோளாறுன்னு போட்டு, உடனே இதய டாக்டரப் பாக்கணும்னு கீழ எழுதியிருந்துச்சு. இவன எனக்குத் தெரியாதான்னு மடிச்சு மேசைக்குள்ள வச்சுட்டேன். அவங்கம்மாகிட்டயும், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். பொண்ண ஓட விடலாமான்னு ஸ்கூல்ல எழுதிக் கேட்டாங்க. தாராளமான்னு எழுதி அனுப்பினேன். பதினாலு வயசு. எரநூறு மீட்டர். நூத்தம்பது வரைக்கும் அவதான் முன்னாடி வந்தாளாம். விழுந்தவள எழுப்ப முடியல.