மூடிய கடைக்கு வரி

யுத்த காலத்தில் ஒருநாள், திருத்தணி பஞ்சாயத்து ஆபீஸில் வீட்டு வரி கட்ட வரிசையில் நின்றிருந்தேன். வீட்டின் முன் அறையில் கடை வைத்திருந்தால் வரி கூடுதல். அதனால் கடை இருப்பவர்கள்கூட, "வெறும் வீடுதாங்க" என்று கெஞ்சுவார்கள். எனக்கு முன்னால் தம்பியோடு நின்ற பெண்ணோ வேறு மாதிரி சொன்னாள்.

"வெறும் வீடுன்னு மாத்தாதீங்க சாமி. கடையும் சேத்தே வரி போடுங்க."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "கடை மூடி ரெண்டு வருசம் ஆவுதேம்மா?"

"ஆங், மூடித்தான் கெடக்குது."

"அக்கா வூட்டுக்காரரு, எங்க பாவா, பட்டாளத்துக்குப் போனதிலேர்ந்து தொறக்கலீங்க," என்றான் தம்பி. "அக்கா பேச்சக் கேக்காதீங்க. வீடுன்னே எழுதுங்க."

"நீ சும்மா இருடா."

"ஆடிக் கிருத்திகைக்கு அவ்ளோ ஜனம் மலை ஏறிச்சே, ஒரு தேங்கா வித்தியா? ஊரே சிரிக்கும்க்கா."

"சிரிச்சிகினு போவட்டும்."

"முன் அறையில யார்னா படுக்கிறீங்களா?" என்றார் குமாஸ்தா.

"இல்லீங்க. நானும் புள்ளைங்களும் சமையக்கட்டுல படுத்துக்கறோம்."

"அது மழைக்கு ஒழுவுதுங்க," என்றான் தம்பி.

"இப்ப வீடுன்னு எழுதிடறேம்மா. அவரு வந்ததும் சொல்லு, திருப்பிக் கடைன்னு மாத்திக்கலாம்."

"அவரு போட்ட கடைங்க. எடுக்கணும்னா அவரே வந்து எடுக்கட்டும்."

குமாஸ்தா எழுதப் போன பேனாவை நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கடைசியா எப்பம்மா கடுதாசி வந்துச்சு?"

அவள் அவர் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதுங்க சாமி."