காணாமல் போன திருகு

“பேட்டரியில ஒரு கோளாறும் இல்லையே சார். அப்புறம் எப்படி எல்லாம் அழிஞ்சுது? ஒரு ஸ்க்ரூ வேற காணோம்.”

இப்படிக் கேட்டுவிட்டு நீங்கள் முகம் வாடக் கூடாது, கடைக்காரரே. குறைந்த விலைக்கு நல்ல பொருளைத்தான் கொடுத்தீர்கள். கரன்ட் இல்லாவிட்டால் இந்த ரேம் கார்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆனால் பேட்டரி ஆறு மணி நேரம் காப்பாற்றும் என்றீர்கள். மழைக்காலம் முழுக்கக் காப்பாற்றியது.

வீட்டில் கம்ப்யூட்டர் சங்கதியெல்லாம் என் பொறுப்பு. தங்கை வரைவது இந்தக் கார்டில் சேரும். தினமும் மாலை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலாகும். டிஸ்க் கடகடக்கிறது என்று அப்பா முனகியதால் நகலெடுப்பதை நிறுத்தி, பழைய நகல்களையும் அழித்தேன். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதமாக அவள் ஒரு திமிங்கிலத்துக்கு நடக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினோரு நிமிடக் கார்ட்டூன். அதை அனுப்பினால் கடல் தாண்டி ஒரு கல்லூரியில் இடம்.

“நான் போயிட்டா உன் மொக்கை ஜோக்குக்கெல்லாம் யாருண்ணா சிரிப்பா?” என்றாள் ஒருநாள். விளையாட்டாகத்தான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அனுப்ப வேண்டிய நாளன்று காலை அவள் குளிக்கப் போனாள். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, கார்டின் நான்கு திருகுகளையும் கழற்றி பேட்டரியை எடுத்தேன். மெயின் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டேன். பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது ஒரு திருகு உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. தேட நேரமில்லை. தலையில் துண்டோடு வந்தவள், “கரன்ட் போச்சாண்ணா?” என்றாள்.

“வந்துடுச்சு பாரு” என்றேன்.

மூன்று நாள் அழுதாள். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன். இப்போது வீடு கலகலவென்று இருக்கிறது. அம்மாவை வம்புக்கு இழுக்கிறாள். என் ஜோக்கை நான் முடிப்பதற்குள் சிரித்துவிடுகிறாள். “நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ” என்கிறாள். அண்ணன் என்று ஒருவன் வேறு எதற்கு இருக்கிறான்?

நேற்று மறுபடியும் ஒரு வாலை வரைந்திருக்கிறாள். அடுத்த வருடம் அனுப்புவாளாம். “இந்தத் தடவையாவது நல்லதா பார்த்து வாங்கிட்டு வாண்ணா” என்று அனுப்பிவைத்தாள்.

அவள் குளித்துவிட்டுச் சீக்கிரமே வந்துவிடுகிறாள், அதனால்தான் கேட்கிறேன். திருகே இல்லாமல் பேட்டரியைக் கழற்றுகிற மாதிரி ஒன்று இருந்தால் எடுத்துக் கொடுங்களேன்.