குப்புராஜ் ஒட்டிய காகித வட்டம்

...கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க. நம்ம குடியிருப்புச் சங்கத்துல விளையாட்டு ரூமுக்கு ஒரு பில்லியர்ட்ஸ் மேசையும் நாலு செஸ் போர்டும் வாங்கிப் போட்டோம். அதுக்கு இவ்வளவு சந்தேகமா? "தினமும் போறாங்களே, உள்ள என்னதான் நடக்குது?"ன்னு மூணாவது மாடியில இருந்து ஒரு கடுதாசி! சரி... சந்தேகத்தைப் பத்தி இந்த ஜில்லாவுலயே என்னை விடத் தெரிஞ்சவன் கிடையாது. ஒரு சங்கதி சொல்றேன். சின்னதுதான். பந்தி போடறதுக்குள்ள முடிச்சுடறேன்.

அப்போ நான் நூல் மில்லுல மேஸ்திரி. மில் மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளர். படிப்பு எட்டாங் கிளாஸ்தான். ஆனா செஸ்ஸுன்னு வந்துட்டா, என்னைப் பார்த்து மேனேஜரே வேற வாசல் வழியாப் போயிடுவாரு. ஆறு மில்லு, ஆறு சாம்பியன், ஆறு பேரையும் ஒரே சாயந்திரத்துல கவுத்தவன் நான். சிரிக்காதீங்க... அதுல ரெண்டு பேரு வரவே இல்ல. பயந்தவனும் தோத்தவன்தானுங்களே?

அந்த மன்றத்துல குப்புராஜுன்னு ஒருத்தர். பாய்லர்ல ஃபிட்டர். ஷிப்ட் முடிஞ்சு அஞ்சு மணிக்கு வருவாரு, நேரா பில்லியர்ட்ஸ் மேசைக்குப் போவாரு. தனியா! சட்டைப் பையில இருந்து ஒரு சின்னக் காகித வட்டம் எடுப்பாரு. பச்சைத் துணி மேல ஒட்டுவாரு. அது மேல எட்டாம் நம்பர் பந்தை வைப்பாரு. கோலால வெள்ளைப் பந்தை ஒரு தட்டு. அந்த எட்டாம் பந்து குழியில விழுந்தா... எடுத்து மறுபடி அதே வட்டத்து மேல. விழலைன்னா... மறுபடி அதே வட்டத்து மேல. நாற்பது தடவை! ஐம்பது தடவை! அப்புறம் செஸ். யாரு கூப்பிட்டாலும் உக்காருவாரு. ஜெயிச்சாலும் சிரிப்பாரு. தோத்தாலும் சிரிப்பாரு.

நீங்களே சொல்லுங்க... தோத்துட்டுச் சிரிக்கிற மனுஷனை நம்ப முடியுமா?

நான் நம்பல. ஒரு வாரம் ஜன்னல் திரைக்குப் பின்னால நின்னு வேவு பார்த்தேன். கொசு என்னைப் பாதி தின்னுடுச்சு. ஒரு நாள் அவரு போனதும் அந்த வட்டத்தை உரிச்சு, லைட்டுக்கு நேராப் பிடிச்சுப் பார்த்தேன். முன்னால ஒண்ணுமில்ல. பின்னால... பசை! ஒண்ணுமே இல்லாம ஒருத்தன் தினமும் வருவானா? அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம்.

தலைவர் வெள்ளியங்கிரி கிட்டப் போய்ச் சொன்னேன். அவரு என்னை விட ஒரு படி மேல. வீட்ல உப்புமாவுல முந்திரி விழுந்தா, "என்ன விஷயம்?"னு சம்சாரத்தை விசாரிக்கிறவரு.

"ஏனுங்க செயலாளரே, ஆளு வெளியூர்ப் பந்தயத்துக்குக் கையைத் தீட்டறான். செஸ்ஸுல வேணும்னே தோத்து நம்மளைத் தூங்க வைக்கறான். மன்றத்துல இருந்து பேரை அடிச்சுடலாமுங்க."

பேரை அடிக்கறதுன்னா சும்மா இல்லீங்க. சுத்துப்பட்டுல இருந்த ஒரே மேசை அது. பாய்லர் சூட்டுல எட்டு மணி நேரம் வெந்த மனுஷனுக்கு, நாளுல அவருக்குன்னு இருந்த ஒரே நேரம் அது.

கூப்பிட்டு விசாரிச்சோம்.

"தம்பி, தினமும் எதுக்கு வர்றே?"

"ஒண்ணுமில்லீங்ணா. நல்லாருக்குதுங்க."

"அந்த வட்டம்?"

"பந்து அதே எடத்துல நிக்கோணுமில்லீங்க?"

"எதுக்கு அதே எடத்துல?"

"மறுபடி அடிக்கறதுக்குங்க."

"அடிச்சு?"

"மறுபடி வைக்கறதுக்குங்க."

தலைவர் என் காதுகிட்ட வந்து, "பாத்தீங்களா... எவ்ளோ அழுத்தம்!"

கடைசியா ஒரு சோதனை வெச்சாரு. "செயலாளர் கூட ஒரு ஆட்டம் ஆடட்டும். ஜெயிச்சா, இத்தனை நாள் திறமையை மறைச்ச திருடன். தோத்தா, வேணும்னே தோத்த திருடன்." எனக்கு அன்னைக்கு அது ரொம்ப நியாயமாப் பட்டுச்சுங்க!

உக்காந்தோம். முதல் பத்து மூவ் நான் போர்டையே பாக்கல. அவரு கண்ணைப் பாக்கறேன், கையைப் பாக்கறேன், குனிஞ்சு மேசைக்கடியில காலைப் பாக்கறேன்... இங்க என் குதிரை போச்சு! ரெண்டு சிப்பாய் போச்சு! அப்பத்தான் பதறிப் போய்ப் போர்டைப் பார்த்தேன். பார்த்தவன்தான்... நிமிரவே இல்ல. சந்தேகம் மறந்து போச்சு, தலைவர் மறந்து போச்சு, வீடு மறந்து போச்சு. ஒண்ணே முக்கால் மணி நேரம்! கடைசியில அவரு யானையை ஒரு கட்டம் தள்ளி வெச்சாரு. என் ராணி உள்ள இறங்குச்சு. செக்... மேட்! நான் துள்ளின துள்ளுல ஃபேன் றெக்கை தலையில பட்டிருக்கும்.

தலைவர் மேசையைத் தட்டினாரு. "பாத்தீங்களா! வேணும்னே யானையை நகர்த்தி விட்டுக் குடுத்தான். பேரை அடிங்க!"

வந்துச்சு பாருங்க எனக்குக் கோபம்!

"யாரு விட்டுக் குடுத்தா? ஏனுங்க, யாரு விட்டுக் குடுத்தாங்கறேன்! அஞ்சு மூவுக்கு முன்னாலயே வலை விரிச்சு நான் ஜெயிச்ச ஆட்டம் இது!"

"அப்ப இவன் யோக்கியன்ங்கறீங்களா?"

"யோக்கியனோ இல்லையோ, தோத்தது நெசமாத் தோத்தான்! நோட்டுல எழுதுங்க!"

எழுதினாங்க. குப்புராஜு பேரு தப்பிச்சுது. என்னமோ அவருக்காக வாதாடினேன்னு நினைக்காதீங்க... எனக்காகத்தான் வாதாடினேன். அய்யா, அம்மா, இங்கதான் கவனிக்கணும். அடுத்தவன் சந்தோஷத்துக்குள்ள திருட்டைத் தேடிக்கிட்டே போனா, ஒரு நாள் நம்ம சந்தோஷமும் திருட்டுச் சொத்தாயிடும். எதுக்கு ஆடறான், எதுக்கு ஆடறான்னு கேட்டீங்களே... ஆடறதுக்குத்தான் ஆடறான்! ஆயுசு முழுக்க ஆடறதுக்கு அது போதாதா?

வெளிய வந்ததும் மெதுவாக் கேட்டேன். "குப்புராஜு, நெசமாச் சொல்லு... யானையை வேணும்னேதான் வெச்சியா?"

"இன்னொரு ஆட்டம் போட்டுப் பாருங்ணா."

போட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷமாப் போட்டுப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். மில்லை மூடிட்டாங்க, எங்க ரெண்டு பேருக்கும் பல்லு போச்சு, ஞாயித்துக்கிழமை ஆட்டம் மட்டும் போகல. இன்னைக்கும் தெரியல! இன்னைக்கும் எனக்குச் சந்தேகம்தான்!

மூணாவது மாடி அய்யா... சந்தேகப்படுங்க, வேண்டாங்கல. ஆனா வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துச் சந்தேகப்படாதீங்க. எதிர் நாற்காலி காலியா இருக்கு. வந்து உக்காந்து சந்தேகப்படுங்க.