பிரேக் பிடிக்குதா, அண்ணே?

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாளைக்கு விமானம் ஏறப் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்... அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. இது என்னோடு வேலை பார்க்கிற ஒருத்தியின் தாய்மாமாவுக்கு நடந்தது. அவர் விமானி. நானும் மாமா என்றே சொல்கிறேன்.

சாயங்காலம் ஆறு பத்து. கொட்டுகிற மழை. ஓடுபாதையும் ஒரு சாலைதான், ஆனால் அதைப் போல ஆளில்லாத சாலை வேறு கிடையாது. இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் தண்ணீர், முடிவில் பள்ளம்.

"வேற ஊருக்குப் போயிடலாம் சார்," என்றான் துணை விமானி. "இதைவிட எவ்வளவு மழை பாத்திருக்கேன்," என்றார் மாமா. இறக்கினார். பிரேக்கை மிதித்தார்... மிதித்தார்... சக்கரம் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டே போனது. கடைசிச் சிவப்பு விளக்குக்குப் பத்தடி முன்னால் நின்றது. மாமா துணை விமானி பக்கம் திரும்பவே இல்லை.

ஈரப் பாதையில் இறங்கியவரிடம் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு கேள்வி கேட்பார்கள். பிரேக் எப்படிப் பிடித்தது? பின்னால் வருகிறவர் அந்தப் பதிலை நம்பித்தான் இறங்குவதா, திரும்பிப் போவதா என்று முடிவு செய்வார். மோசம் என்று சொன்னால், நீ ஏன் இறக்கினாய் என்று கேட்பார்கள். பக்கத்தில் இருக்கிற பொடியன் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

"நல்லாத்தான் பிடிக்குது," என்றார் மாமா.

பின்னால் வந்தவன் மாமாவிடம் தொழில் பழகியவன். எல்லோருக்கும் அவன் ஒல்லி. ரேடியோவில் அவனே ஒரு தரம் கேட்டான். "நிஜமாப் பிடிக்குதா அண்ணே?"

"பிடிக்குதுடா. வா."

"அண்ணன் சொன்னா சரி."

மாமா விமானத்தை ஓடுபாதையிலிருந்து விலக்கி ஓரமாக நிறுத்தினார். ஒன்பது நிமிடம். மழைக்குள் ஒல்லியின் விளக்குகள் அவரைக் கடந்து போயின. வேகம் குறையவே இல்லை. பிறகு விளக்கைக் காணோம். மாடியில் பீரோ சாய்ந்த மாதிரி ஒரு சத்தம்... அவ்வளவுதான். அப்புறம் வெறும் மழைச் சத்தம், மண்ணெண்ணெய் வாடை. ஒல்லியையும் சேர்த்து நாற்பத்தொரு பேர். ஒருவர்கூட மிஞ்சவில்லை.

விசாரணையிலும் மாமா அதே பதிலைச் சொன்னார். துணை விமானியும் வாய் திறக்கவில்லை. பழி முழுக்க ஒல்லி தலையில் விழுந்தது. செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்?

அதற்குப் பிறகு மாமா எந்த ஊரில் மழையில் இறக்கினாலும், விமானம் நின்றதும் காதுக்குள் அந்தக் குரல். "பிடிக்குதா அண்ணே?" பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. "பிடிக்கலடா, வராதே, திரும்பிப் போ!" என்று கத்துவார்.

"அண்ணன் சொன்னா சரி."

அப்புறம் மழைக்குள் விளக்குகள் அவரைக் கடந்து போகும்... அதே வேகம். ஒவ்வொரு தடவையும். அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

இரண்டு வருஷம் தாங்கினார். பிறகு நடந்ததை எழுதிக் கொடுத்தார், வேலையை விட்டார், நேரே ஒல்லியின் வீட்டுக்குப் போனார். காலை நேரம். ஒல்லியின் மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாளாம். சீப்போடு வந்து கதவைத் திறந்தாள்.

"அவன் மேல தப்பே இல்லம்மா. பிரேக் பிடிக்கல. நான்தான் பொய் சொன்னேன்," என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதார் மாமா.

அவள் திடுக்கிடவில்லை. "தெரியும்ணே. அன்னைக்கு ஆபீஸ்லேர்ந்து போன் வர்றதுக்கு முன்னாடியே அவரு வந்துட்டாரு. சொட்டச் சொட்ட இங்கதான் நின்னாரு. அண்ணன் மேல கோவப்படாதேன்னாரு."

மாமாவால் தலை நிமிர முடியவில்லை.

"உள்ள வாங்கன்னேன். வரமாட்டேன்னுட்டாரு. நாப்பது பேரும் இன்னும் பெல்ட்டுகூட அவுக்காம உக்காந்திருக்காங்களாம். வண்டி நின்னுடுச்சுன்னு அண்ணன் வந்து சொன்னாத்தான் எந்திரிப்பாங்களாம்."

சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டே, கோபமில்லாமல்தான் கேட்டாளாம்.

"எப்பண்ணே போறீங்க?"