மெத்தைக்கு ஆவி காட்டிய விவரம்

ஃபோம் மெத்தையை வெயிலில் காயப்போடக் கூடாது. நிழலில், சுவரோரமாக நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தானாகக் கீழே இறங்கிவிடும். முறுக்கிப் பிழியவும் கூடாது, கிழிந்துவிடும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று சபைக் குழுவில் யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

மெத்தை படகினுடையது. பொள்ளாச்சி சாலையில் ஒரு தோப்புக்காரர் குளம் வெட்டி, மோட்டார் படகு விட்டிருந்தார். அதை ஓட்டியவர் என் வீட்டுக்காரர் கிளமென்ட். பதினோரு வருடம் ஒரே குளத்தைச் சுற்றினார். தொண்ணூற்றைந்தில் குளம் வற்றியதும் படகைப் பழைய சாமான்காரரிடம் போட்டார்கள். ஓட்டுபவர் இருக்கையின் நீல ரெக்சின் மெத்தையை மட்டும் இவர் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பீளமேடு வந்து சேர்ந்தார். முன்னறை பெஞ்சின் மேல் அதைப் போட்டோம். மறு வருடம் அக்டோபரில் அவர் இறந்தார். மாரடைப்பு. அதில் எனக்குப் பங்கில்லை.

அவருடைய தங்கை ரெபேக்கா பெருந்துறையிலிருந்து துக்கத்துக்கு வந்தவள், மெத்தையில் இருந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, இது எங்கண்ணனேதானுங்க. அப்படியே உக்காந்திருக்கறாப்பல இருக்குதுங்க!"

அதன்பின் அந்த மெத்தையில் யாரையும் அவள் உட்காரவிடவில்லை. வாராவாரம் வந்துவிடுவாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைப் பெண்களை அழைத்துவந்து காட்டுவாள். ஒருவர் மல்லிகைப்பூ வைத்தார். இன்னொருவர் பத்தாம் வகுப்பு எழுதப்போகும் மகளைக் கூட்டிவந்து தொட்டுக்கொள்ளச் சொன்னார். ரெபேக்கா தன் அண்ணனின் வேதாகமத்தைப் பள்ளத்தில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. எல்லோருக்கும் நான்தான் காபி கொடுத்தேன்.

மெத்தை நாற்றம் அடித்ததால் துவைத்தேன் என்று நம் சபை ஆயரிடம் முதலில் சொன்னேன். அது பொய்யில்லை. ரெக்சினுக்கு அடியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஆனால் வெறும் பூஞ்சணத்துக்காக ஒருவர் அவ்வளவு தூரம் போகமாட்டார் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பெரிய பள்ளத்துக்கு இடப்பக்கம் இன்னொரு சின்னப் பள்ளம் இருந்தது. வட்டமாக, ஏறக்குறைய ஒரு சாண். வந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பதினோரு வருடத்தில் நான் ஒருமுறைகூட அந்தப் படகில் ஏறியதில்லை. கேட்டால், "உனக்குத் தண்ணின்னா ஆகாது கண்ணு" என்பார். அப்படியானால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது யார்?

நான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அது கால்வாசிக்குக்கூடப் போதவில்லை. பிறகு ஆராதனையில் பெண்கள் பகுதியின் கடைசி வரிசைக்கு இடம் மாறி, முன்னால் இருப்பவர்களை அளந்து பார்த்தேன். மூன்று ஞாயிறு அப்படிப் போயிற்று. ஆயர் என்ன பிரசங்கித்தார் என்று நினைவில்லை. நம் சபையில் அந்த அளவுக்கு ஒருவரும் இல்லை என்பதை உங்கள் வீட்டுப் பெண்களின் நற்பெயருக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

கடைசியில் என் சந்தேகம், படகுத்துறையில் டிக்கெட் கிழித்த பொன்னாத்தாளிடம் வந்து நின்றது. முருங்கைக்காய் போல இருப்பாள். அவளுக்கேகூட அந்த இடம் போதாது. பழைய ஃபோம் கொஞ்சம் சுருங்கும் என்று நானே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ரெபேக்கா மெத்தையைப் பெருந்துறைக்கு எடுத்துப்போகப்போவதாகச் சொன்னாள்.

"கண்ணாடிப் பொட்டி செய்யச் சொல்லிப்போட்டனுங்க அண்ணி. எங்கூட்டு ஹால்லயே வெச்சுக்கறேன். அண்ணன் தனியா இருக்கக்கூடாதுங்க."

அவர் தனியாக இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு பள்ளமும் பக்கத்துப் பக்கத்தில், கண்ணாடிக்குள், காலத்துக்கும் இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் பூ வைப்பார்கள். இதை நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை அவள் காய்கறி வாங்கப் போனாள். நான் ஜிப்பைத் திறந்து ஃபோமை வெளியே எடுத்தேன். உறையை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தேன். பூஞ்சணத்துக்கு அதுதான் நல்லது. ஃபோமைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். படகு மெத்தை லேசில் மூழ்காது. அமுக்கினேன், மேலே வந்தது. மறுபடி அமுக்கினேன், மறுபடி வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி அதன் மேல் உட்கார்ந்தேன். நிறையக் குமிழி வந்தது. குமிழி நிற்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

அமுங்கிப்போன ஃபோம் ஆவி பட்டால் எழும்பும். தண்ணீரை மிதித்து வெளியேற்றிவிட்டு, இட்லிக் குண்டானைக் கொதிக்கவைத்து மேலே காட்டினேன். சின்னப் பள்ளம் உடனே எழுந்துவிட்டது. பெரியதற்கு இரண்டு குண்டான் தண்ணீர் செலவானது. அவர் எதற்கும் சீக்கிரத்தில் எழுந்திருக்கிறவர் இல்லை.

ரெபேக்கா பையோடு உள்ளே வந்தாள்.

"அண்ணி, அண்ணன எங்கீங்க?"

"காயப்போட்டிருக்கறேன் கண்ணு."

அவள் கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு ஆயரிடம் ஓடி, "அண்ணி எங்கண்ணனுக்கு ஆவி காட்டிப்போட்டாங்க!" என்று அழுதிருக்கிறாள். நீங்கள் எனக்கு அனுப்பிய கடிதத்தில் 'ஆவிகளோடு சம்பந்தம்' என்று ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அது இட்லி ஆவி. அதற்குமேல் எந்த ஆவியும் எனக்குப் பழக்கமில்லை.

இந்தக் கடிதம் இதோடு முடிந்திருக்கும். நேற்று மத்தியானம் திருமலைசாமி வந்தார். படகுத்துறையில் கயிறு பிடித்தவர். சாவுச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்ததாம். துக்கம் விசாரித்துவிட்டு, உறை மாட்டிப் பெஞ்சில் போட்டிருந்த மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மணி, போசிக்குழியக் காணமுங்க?"

"எந்தக் குழி?"

"நீங்க சோறு போட்டு உடுவீங்கல்லங்க, தூக்குப்போசி. அதுக்குழிதானுங்க. கீழ வெச்சா தண்ணி பட்டுருமுன்னு காலையிலருந்து பக்கத்துலயே வெச்சுக்குவாரு. அங்க ஒருத்தர உக்கார உடமாட்டாருங்க. ஒருக்கா ஓனரம்மாவே உக்காரப் போனாங்க. 'அது எங்கூட்டு அம்மணி எடமுங்க, நீங்க பின்னால போங்க'ன்னு சொல்லிப்போட்டாரு. அந்தம்மா மூஞ்சியப் பாக்கோணுமே!"

அவர் சிரித்தார். நான் காபி வைக்க எழுந்துபோனேன்.

அந்தத் தூக்குப் பாத்திரத்தைப் பதினோரு வருடம் நாள்தோறும் கழுவியவளுக்கு அதன் அடி தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அந்த மெத்தையில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரையும் நானே தண்ணீரில் அமுக்கி, ஆவி காட்டி, அடையாளம் இல்லாமல் செய்தேன். யாரும் தூண்டவில்லை. பொன்னாத்தாள் நிரபராதி. மெத்தையை ரெபேக்கா வேண்டுமானால் கொண்டுபோகலாம், ஆனால் இப்போது முடியாது. தூக்குப்போசியில் சோறு நிரப்பி மெத்தையின் இடப்பக்கம் வைத்து, வலப்பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். துக்கத்தால் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஃபோமுக்குள் ஈரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிறேன். கனமாக எதையாவது வைத்து, நாள்கணக்கில் காத்திருந்தால்தான் அது தெரியும்.