ஊருணியில் கரைத்த மாத்திரைகள்

சால்வைகள் சுமந்து சலித்துப்போன தோள்களுக்குச் சொந்தக்காரர், சமயநல்லூர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், அண்ணன் வெங்கட்ரமணன் அவர்களே! அனுபவத்தால் அவையை அலங்கரிக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டுக் குடத்தோடு குழுமியிருக்கும் தாய்மார்களே! கல்லூரியில் வேதியியல் நடத்தும் ஆனிமேரியின் அன்பு வணக்கம்.

என்னை எதற்கு அழைத்தார்கள்? பாராட்ட! எதைப் பாராட்ட? சங்கத்தின் தூய்மைப் பணியை! போன மாதம் வீடு வீடாகப் போய்க் காலாவதியான மாத்திரைகளைத் திரட்டினார்கள். என்ன அக்கறை! என்ன அயராமை! திரட்டியதைக் குப்பையில் கொட்டலாமா? உயிர்காக்கும் மருந்து காலில் மிதிபடலாமா? சாமிக்குப் போட்ட மாலையை ஆற்றில் விடுவதுபோல, மேளம் முழங்க, மஞ்சள் தெளித்து, மூட்டை மூட்டையாக ஊருணியில் கரைத்தார்கள். அதன் கரையிலுள்ள கிணற்றிலிருந்துதான் இன்று தெருக்குழாய்களுக்குத் தண்ணீர்! அண்ணன் இன்னும் சற்று நேரத்தில் மோட்டாரைப் போடப்போகிறார்.

"தண்ணி நல்லாருக்குன்னு ரெண்டு வார்த்த சொல்லுங்க டீச்சர், அம்புட்டுத்தான்" என்றார் அண்ணன். சொல்வதற்காகத்தானே சோதித்தேன்!

இதோ இரண்டு குப்பிகள். இரண்டிலும் புளியம்பழ ஓட்டிலிருந்து எடுத்த, கண்ணுக்கே தெரியாத நுண்ணிய கரித்துகள்கள். நானோ துகள் என்பார்கள். புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். நாங்கள் தேடும் கிருமிக்கொல்லி மருந்து தண்ணீரில் இருந்தால் ஒளி மங்கும். முதல் குப்பியில் சுத்தமான நீர். பாருங்கள், ஒளிர்கிறது! இரண்டாவதில் நம் கிணற்று நீர். பாருங்கள், மங்கிவிட்டது.

யாரப்பா அது கைதட்டுவது? அழுக்குப் போய்விட்டது என்று நினைத்தீர்களா? போனது ஒளிதான் தம்பி! கல்லூரியின் பெரிய கருவியிலும் பார்த்தேன். அதுவும் இதையேதான் சொன்னது.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், மருந்து போகுமா? மருந்துக்குள்ளேயே வளர்ந்து பழகிய கிருமிக்கு, நாளை டாக்டர் தரும் மாத்திரை எந்த மூலைக்கு?

என்னம்மா தங்கப்பொண்ணு, எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள்.

"எம் மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா டீச்சர். இந்தத் தண்ணிய அவ குடிக்கலாமா, கூடாதா?"

கூடாதம்மா. மேடை நாகரிகம் கருதிச் சுற்றி வளைத்தேன், மன்னியுங்கள். கூடவே கூடாது.

"அப்ப மோட்டார் ரூம் சாவியக் குடுங்கண்ணே."

"ஏத்தா, இம்புட்டுப் பேரு முன்னால மானத்த வாங்காத."

"இம்புட்டுப் பேரும்தானண்ணே குடிக்கப்போறோம்!"

தாய்மார்களே, தள்ளிக்கொள்ளாமல் ஏறுங்கள், மேடை பழசு. அண்ணன் பையில் கையை விடுகிறார்... கொடுத்துவிட்டார்! எனக்குக் கண் கலங்குகிறது, மறைக்க விரும்பவில்லை.

நாளைக் காலை லாரித் தண்ணீர் கேட்டுத் தல்லாகுளத்து அதிகாரிகளிடம் போகிறோம். அந்தக் குடங்களையும் எடுத்து வாருங்கள். திறப்பு விழாவுக்கு அழைத்து, மூடுவிழாவைச் சிறப்பாக நடத்தித் தந்த தலைவருக்கு நன்றி! சாவியை முந்தானையில் முடிந்துகொண்ட தங்கப்பொண்ணுக்கு வணக்கம்!